எழுமலைப் பக்கம் ஒரு தூண்

மதுரையிலிருந்து தேனி சாலையில் போகிறவர்கள் பெரும்பாலும் வழியில் எங்கும் இறங்குவதில்லை. சுருளி, குமுளி, தேக்கடி என்று மலைக்குப் போகும் அவசரம். நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர், வாலாந்தூர், உசிலம்பட்டி எல்லாம் அவர்களுக்குச் சன்னல் வழியே கடந்துபோகும் பெயர்ப்பலகைகள். நான் அந்த ஊர்களில் இறங்கி ஏறி, உசிலம்பட்டியில் பேருந்து மாறி, எழுமலைப் பக்கம் போனேன். போய்ச் சேரவேண்டிய இடம் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பிரிட்டிஷ் போலீஸ் துப்பாக்கியால் சுட்டு, பதினாறு பேர் உயிர்விட்ட ஊர். ஜாலியன் வாலாபாக் படுகொலை நடந்து அப்போது ஓராண்டுகூட முடியவில்லை. அமிர்தசரஸை நாடே அறியும். பெருங்காமநல்லூரை மதுரைக்குக் கிழக்கே போனால் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

முதலில் இறங்கியது நாகமலைப் புதுக்கோட்டையில். அங்கிருந்து உள்ளே ஒதுங்கினால் கீழக்குயில்குடி. தாமரை படர்ந்த குளம், ஆலமரம், அடிவாரத்தில் அய்யனார் கோயில், அதற்கு மேல் சமணர் மலை. செட்டிப்புடவுக் குகையில் தீர்த்தங்கரர் சிற்பங்களின் அடியில் வட்டெழுத்தில் பொறித்திருப்பதெல்லாம் யார் செய்வித்தது என்ற பெயர்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. அந்த மலைக்குக் கீழே இருக்கும் இந்த ஊர்க்காரர்களின் பெயர்களைத்தான் 1914ஆம் ஆண்டு வாக்கில் அரசாங்கம் வேறொரு பதிவேட்டில் ஏற்றத் தொடங்கியது. மதுரை வட்டாரத்தில் குற்றப் பழங்குடியினர் சட்டம் முதலில் பாய்ந்தது கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மேல். சு.வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' படித்தவர்களுக்கு இந்த நிலம் பழக்கமானதாக இருக்கும்.

அந்தச் சட்டம் என்ன சொன்னது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மேற்கே போவதில் பயனில்லை. 1871இல் வட இந்தியாவுக்காகப் போட்ட சட்டம் அது. 1911இல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு ஆள் திருடினான் என்று நிரூபிக்கவேண்டிய அவசியமே அதில் இல்லை. ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரை என்று அரசிதழில் அறிவித்துவிட்டால் போதும். அன்று பிறந்த ஆண் குழந்தையும் வளர்ந்ததும் போலீசில் கைரேகை வைக்கவேண்டியவன் ஆகிவிடுவான். அறிவித்தது தவறு என்று நீதிமன்றத்துக்குப் போகலாமா என்றால் அதற்கும் வழியில்லை. அறிவிக்கையின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக்கூடாது என்று சட்டமே கதவை அடைத்து வைத்திருந்தது. ஊரைவிட்டு வெளியூர் போகவேண்டுமானால் ராதாரிச் சீட்டு. ராத்திரியானால் போலீஸ் கச்சேரியிலோ சாவடியிலோ ஆஜராக வேண்டும். கல்யாணமான அன்று இரவும் மாப்பிள்ளை அங்கேதான் படுத்தான் என்று இந்தப் பக்கத்து வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள்.

ஒரு சமூகத்தின் தொழிலே குற்றமாகிப்போனதன் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. நாயக்கர் காலத்திலும் அதற்குப் பிறகும் இந்தப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்கள் ஊர்க்காவல் பார்த்தார்கள். அதற்கு ஊரார் கூலி கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் போலீசை ஏற்படுத்தியபோது அந்தக் காவல் அவனுக்குப் போட்டியாகத் தெரிந்தது. காவல் கூலி வசூலிப்பதில் கட்டாயமும் மிரட்டலும் இருந்தன என்பதும் உண்மை. 1896 வாக்கில் திண்டுக்கல், மதுரைப் பக்கத்துக் குடியானவர்கள் பண்டு சேர்த்துக் கள்ளர் காவலை எதிர்த்துக் கிளம்பியது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். ஆனால் சிலர் செய்த தவறுக்கு ஒரு சமூகத்தின் பிறப்பையே குற்றம் ஆக்கியதை எந்தக் கணக்கிலும் நியாயம் என்று எழுத முடியாது.

கருமாத்தூர் தாண்டியதும் மண்ணின் நிறமும் வெயிலின் நிறமும் மாறுகின்றன. இரண்டு பக்கமும் கரடுகள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டித் தண்ணீர் வைகைக்குத் திரும்பியபோது மேலூர் வரைக்கும் வயல் பச்சையானது. உசிலம்பட்டிச் சீமை மேட்டுநிலமாக நின்றுவிட்டது. தண்ணீர் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய்க்காக இந்த மக்கள் எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பதை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சோளமும் எள்ளும் பருத்தியும் மழையை நம்பி வளர்கிற பூமி. பஞ்சம் பிழைக்க வெளியூர் போகாமல் முடியாத இப்படி ஒரு நிலத்தில் ராதாரிச் சீட்டு இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டாதே என்று சொன்னால் என்ன ஆகும்? சட்டத்தின் கொடுமையைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு இந்தக் கேள்வி எழவில்லை. அந்த வறண்ட மேடுகளைப் பார்த்தபோதுதான் எழுந்தது.

உசிலம்பட்டி பேருந்து நிலையத்துக்கு வெளியே மல்லிகையும் பிச்சியும் குவிந்து கிடந்தன. இங்கே சின்னக்கருப்பசாமி கோயிலிலிருந்து மகா சிவராத்திரிக்குப் பெட்டி புறப்படும். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் சாமியின் ஆபரணங்களைத் தலைச்சுமையாகப் பெட்டியில் கொண்டுபோவார்கள். ஊரே பின்னால் நடக்கும். எட்டு நாடு, இருபத்து நான்கு உபகிராமம் என்று வகுத்துக்கொண்ட இந்தச் சமூகம் தன் முன்னோரை மறக்காமல் இருக்கும் முறை அது. 1949-50இல் இங்கே வந்து தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் ஒரு பெரும் புத்தகமே எழுதினார். இரா.சுந்தரவந்தியத்தேவன் தமிழில் எழுதிய 'பிறமலைக் கள்ளர் வாழ்வும் வரலாறும்' உள்ளூர் நினைவுகளை அள்ளிச் சேர்த்த நூல். இவர்கள் நினைவு வைத்துக்கொள்ளாதவர்கள் அல்ல. பெட்டியில் வைத்துத் தலையில் சுமந்தே ஞாபகத்தைக் காப்பாற்றியவர்கள்.

நினைவுக்கல் என்று வரும்போது இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. உசிலம்பட்டிக்கு வடமேற்கே, மலைக்கு அந்தப்புறம், ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்று ஓர் ஊர். 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. அவற்றில் ஒன்று, ஆநிரை கவரும் பூசலில் இறந்துபோன ஒருவனுக்கு அவன் பெயர் சொல்லி நட்ட கல். மாடு பிடிக்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டு, பெயர் வெட்டி, வணங்கிய நிலம் இது. அதே நிலத்தில்தான் இருபதாம் நூற்றாண்டில், மாடு களவாடக் கூடியவன் என்ற சந்தேகத்துக்காகவே மனிதனின் பத்து விரலிலும் மை தடவினார்கள். புலிமான்கோம்பைக் கல்லில் இருப்பவன் எந்தச் சமூகத்தின் முன்னோன் என்று யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, கொண்டாடவும் வேண்டாம். செத்தவன் பெயரைப் பொதுவில் எழுதிவைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்காகத்தான் அதைச் சொல்கிறேன்.

எழுமலை, பேரூராட்சி அளவுக்கு வளர்ந்த கடைவீதி ஊர். மேற்கே மலைத்தொடர் நெருங்கி நிற்கிறது. சுற்றுப்பட்டிக்காரர்கள் உரம் வாங்க, துணி எடுக்க, பத்திரம் எழுத இங்கேதான் வருகிறார்கள். ஒரு டீக்கடை பெஞ்சில், பெருங்காமநல்லூருக்கு வழி கேட்டேன். எதிரே இருந்த பெரியவர் "வாங்கப்பு, எந்த ஊரு?" என்று விசாரித்துவிட்டு, எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் டீ கிளாசை ஓரமாக வைத்தார். என் வலது கை மணிக்கட்டைப் பிடித்தார். கட்டைவிரலைத் தனியாகப் பிரித்து, பெஞ்சுப் பலகையில் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக உருட்டினார். அப்புறம் ஆள்காட்டி விரல். அப்புறம் நடுவிரல்.

"இப்பிடித்தான் எடுப்பானாம். நாமளா விரல வைக்கக் கூடாது. அவன்தான் பிடிச்சு உருட்டுவான். எங்க சீயான் சாகுற மட்டும் இதச் சொல்லிக் காட்டுவாரு. ராத்திரி யாராச்சும் கதவத் தட்டுனா எந்திரிச்சு உக்காந்துக்கிருவாரு."

சீயானிடமிருந்து பேரனின் கைக்கு வந்த அந்தச் சைகையை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. தன் விரல் தன் வசம் இல்லாமல் இன்னொருவன் கையில் உருளுவதைக் கொஞ்ச நேரம் அனுபவித்துப் பார்த்தால், பெருங்காமநல்லூர்க்காரர்கள் எதை மறுத்தார்கள் என்று தெரியும்.

ரேகை வைக்க அவர்கள் மறுத்தார்கள். சுற்றியுள்ள ஊர்களில் ரேகை எடுத்துக்கொண்டே வந்த போலீஸ், 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரை வளைத்தது. ஊரார் பணியவில்லை. கையில் கிடைத்த கம்பும் கல்லுமாக எதிர்த்து நின்றார்கள். போலீஸ் சுட்டது. செத்த பதினாறு பேரில் ஒருவர் பெண், மாயக்காள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் அவரை நினைவு வைத்திருக்கிறது. உடல்களை வண்டியில் ஏற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டுபோய்ப் புதைத்ததாகவும், பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்தியே கூட்டிப்போனதாகவும் இங்கே சொல்கிறார்கள். அந்தத் தூரத்தைப் பேருந்தில் கடக்கும்போதே களைத்துப்போகும். சித்திரை நெருங்கும் வெயிலில், சங்கிலியோடு நடந்திருக்கிறார்கள்.

இவர்களுக்காக வழக்காட வந்தவர் ஜார்ஜ் ஜோசப். 1887இல் செங்கன்னூரில் பிறந்து, மதுரையில் குடியேறிய பாரிஸ்டர். பின்னாளில் வைக்கம் சத்தியாகிரகத்திலும் காந்தியின் 'யங் இந்தியா'விலும் பெயர் பதித்தவர். கோட்டில் ரோஜாப்பூ செருகிக்கொண்டு வருவார் என்பதால் கள்ளர் மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்றே பெயர் வைத்தார்கள். மலையாளக் கிறிஸ்தவர் ஒருவரின் செல்லப்பெயர் உசிலம்பட்டிச் சீமைப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்ததைவிட அழகான ஒரு நினைவுச்சின்னத்தை என்னால் யோசிக்க முடியவில்லை. அவர் 1938இல் மதுரையில் காலமானார். சட்டம் நீங்கியதைப் பார்க்க அவர் இல்லை. முத்துராமலிங்கத் தேவரும் ப.ஜீவானந்தமும் மேடைகளில் முழங்கி, ஊர் ஊராக மக்கள் மறுத்து மறுத்து, கடைசியில் 1947இல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. நாடு முழுவதும் விலகியது 1952 ஆகஸ்ட் 31 அன்று.

செத்தவர்களுக்கான நினைவுத் தூண் ஊருக்குள் நிற்கிறது. பதினாறு பெயர்கள். கழுத்தளவு உயரத்தில், எப்போதோ போட்ட மாலைகளின் நார் மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தது. ஏப்ரல் 3 வந்தால் கட்சி வேறுபாடு இல்லாமல் தலைவர்கள் வருகிறார்கள். கார்கள் வரிசையில் நிற்கும். மற்ற நாட்களில் ஆடு மேய்க்கப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் கடந்துபோகிறார்கள். இந்தத் தியாகிகளுக்கு மணிமண்டபம் வேண்டும், பாடநூலில் இடம் வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும் மனுக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். நூற்றாண்டு நாளுக்காக எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். 2020 ஏப்ரல் 3 வந்தபோது நாடு கொரோனா ஊரடங்கில் இருந்தது. தமிழ்நாடு முழுவதும் 144 தடை. கூட்டம் கூடக்கூடாது, ஊரைவிட்டு ஊர் போகச் சீட்டு வாங்கவேண்டும். ராதாரிச் சீட்டை மறுத்தவர்களின் நூறாவது நினைவுநாள் அப்படிக் கழிந்ததை நினைத்தால் மனது ஆறவில்லை.

நினைவுச்சின்னம் வேண்டும் என்று ஒரு சமூகம் கேட்கும்போது நடக்கும் போராட்டம் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் தெஹானோ என்று ஒரு மக்களினம் உண்டு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் வந்து குடியேறுவதற்கு முன்பே அந்த மண்ணில் ஊர் அமைத்து, மாடு வளர்த்து வாழ்ந்த ஸ்பானிய, மெக்சிகோ வழியினர். உலகமே சினிமாவில் பார்த்து ரசிக்கும் குதிரை வீரன், கயிறு வீசி மாடு பிடிப்பவன், அவர்களிடம் கற்றவன்தான். ஆனால் ஆஸ்டின் நகரில், மாநிலச் சட்டமன்ற வளாகத்தில், எத்தனையோ சிலைகளுக்கு நடுவே அவர்களைச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கயெட்டானோ பரேரா என்ற மருத்துவர் அதைப் பார்த்து மனம் பொறுக்காமல் 2000 வாக்கில் வேலையைத் தொடங்கினார். மற்ற தலைவர்களும் சேர்ந்தார்கள். பணம் திரட்டுவது ஒரு பாடு என்றால் இடம் கேட்பது அதைவிடப் பெரும்பாடு. முகப்புப் புல்வெளியில் இடமில்லை, பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சு வந்தது. அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டமன்றத்திலேயே அதற்காகச் சட்டம் நிறைவேற்ற வைத்தார்கள். 2012 மார்ச் 29 அன்று, சிற்பி அர்மாண்டோ இனோஹோசா வடித்த வெண்கல உருவங்கள், மாடும் குதிரையும் குடும்பமும் குழந்தைகளுமாக, முகப்பிலேயே திறக்கப்பட்டன. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு.

அவர்கள் பிடிவாதம் பிடித்தது இடத்துக்காக. அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெருங்காமநல்லூர்த் தூண் பெருங்காமநல்லூரில் நிற்கிறது. செத்தவர்களின் வீடுகள் அங்கேதான், கும்பிட அந்த இடம்தான் சரி. ஆனால் அந்த ஊரில் யாருக்கும் இந்தக் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியவேண்டியவன் மதுரையில் இருக்கிறான், திருச்சியில் இருக்கிறான், சென்னையில் இருக்கிறான். ரேகை வைக்கச் சொன்ன உத்தரவு கிளம்பியது கலெக்டர் கச்சேரியிலிருந்து. மதுரையில், ஊர்ச்சனம் எல்லாம் போய்வரும் அந்த மாதிரி ஓர் இடத்தில், இந்தப் பதினாறு பெயர்களுக்கும் ஒரு கல் வேண்டும்.

கல் வைத்தால் மட்டும் போதாது, அதில் என்ன எழுதுவது என்பதும் பெரிய கேள்வி. ஒரு சாதியின் வீரம் என்று மட்டும் எழுதினால் அது அந்தப் பதினாறு பேருக்குச் செய்யும் குறை. இதைச் சொல்லாமல் நான் உசிலம்பட்டியைக் கடக்க முடியாது: பெட்டி போய்ச் சேரும் அதே பாப்பாபட்டியிலும், பக்கத்துக் கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும், ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996இலிருந்து பத்து ஆண்டுகள் தேர்தலை முறையாக நடத்தவிடவில்லை. 2006இல்தான் வழி திறந்தது. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சரே பாப்பாபட்டிக்கு வந்து கிராமசபையில் உட்கார்ந்தார். பிறப்பை வைத்து மனிதனை ஒதுக்கும் சட்டத்தை எதிர்த்துச் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள், பிறப்பை வைத்து இன்னொருவனை நாற்காலியில் உட்காரவிடவில்லை என்பது வலிக்கிற செய்தி. அதை மறைத்துவிட்டு எழுப்பும் மண்டபம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் என்னால் அண்ணாந்து பார்க்க முடியாது.

அந்தச் சட்டம் கள்ளர்களை மட்டும் குறிவைக்கவும் இல்லை. மறவர், குறவர், வலையர், ஒட்டர் என்று தமிழ்நாட்டிலேயே பல சமூகங்களில் அதன் ரேகை படிந்திருக்கிறது. நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட சமூகங்கள். அவர்களில் பலருக்குத் தூண் நட ஊர்கூட இல்லை. நாடோடியாக இருந்ததே அவர்கள் குற்றம். பெருங்காமநல்லூரின் கல் அவர்களுக்கும் சேர்த்துப் பேசலாம். பேசினால், எழுமலைப் பக்கத்து ஊர் ஒன்று தேசத்துக்கே பொதுவான இடமாகிவிடும்.

இன்னொரு நினைவும் இந்த வட்டாரத்தில் உயிரோடு இருக்கிறது. துப்பாக்கிச்சூடு நடந்த அதே 1920இல்தான் அரசாங்கம் கள்ளர் சீரமைப்பு வேலையையும் தொடங்கியது. ஒரு கையில் ரேகை மை, மறு கையில் சிலேட்டு. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றைக்கு முந்நூறுக்கு நெருக்கமான கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இருக்கின்றன. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். அவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்ப்பதாக 2023 வரவுசெலவு அறிக்கையில் வந்தது. சாதிப் பெயர் பள்ளிப் பலகையில் இருக்கக்கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. இந்தப் பக்கம் அதற்குக் கடும் எதிர்ப்பு. பள்ளிக்கூடப் பலகையில் சாதிப்பெயர் வேண்டாம் என்ற எண்ணம் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அந்தப் பள்ளிகள் எதனால் வந்தன என்ற வரலாறு பலகையோடு சேர்ந்து கழன்றுவிடக் கூடாது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சுவரில், 1911 சட்டம் என்ன சொன்னது, ராதாரிச் சீட்டு எப்படி இருந்தது, 1947இல் என்ன நடந்தது என்று பிள்ளைகள் படிக்கும்படி எழுதிவைக்கலாம். பலகையில் பெயர் இருக்கிறதா இல்லையா என்ற சண்டையைவிட அது அதிகம் சொல்லும்.

இதையெல்லாம் தூணருகே கூடியிருந்தவர்களிடம் சொன்னேன். கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து அரசாணைகளை நகல் எடுக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். மதுரையில் கல் வைப்பதைப் பற்றிப் பேச்சு திரும்பியதும் ஆளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசல் என்றார் ஒருவர். திருமங்கலம், ஏனென்றால் சங்கிலியோடு நடந்த பாதை அங்கேதான் முடிந்தது என்றார் இன்னொருவர். ஒரு அம்மா, மாயக்காளுக்குத் தனியாக ஒரு குடிநீர்த் தொட்டி உசிலம்பட்டி பேருந்து நிலையத்தில் கட்டி அவர் பெயரை வைத்தால் என்ன என்று கேட்டார். மற்றவர்கள் பேச்சை நிறுத்தி, அதை யாரிடம் மனுவாகக் கொடுப்பது, நகராட்சியிடமா தாலுகாவிலா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.